வலது முன்னங்கால்

என் வீட்டுக்காரரை இந்தத் தெருவில் நாய் டாக்டர் என்றுதான் சொல்வார்கள். அவர் டாக்டர் இல்லை. நாய் வளர்த்ததும் இல்லை. நிஜ நாய் எதிரே வந்தால் என் முதுகுக்குப் பின்னால் ஒளிகிற ஆள். பசை காய்வதற்காக ஜன்னல் ஓரம் அவர் வரிசையாக வைத்திருந்த நாய்க்கால்களைப் பார்த்துவிட்டு யாரோ வைத்த பெயர் அது. ஒரு முறை பக்கத்துத் தெருத் தையல்காரர் நொண்டுகிற தன் நாயைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் நின்றார். நான்தான் விஷயத்தைச் சொல்லி அனுப்பிவைத்தேன். இவர் கதவு இடுக்கு வழியாக அந்த நாய் நொண்டுகிற அழகை ரசித்துக்கொண்டிருந்தார்.

அவருக்குத் தொழில் பொம்மைப்படம் எடுப்பது. கம்பியில் எலும்பு செய்து, ரப்பரில் சதை வைத்து, மேலே ரோமம் ஒட்டி, கையில் அடங்குகிற நாய் செய்வார். அதன் காலை மயிரிழை அளவு நகர்த்தி ஒரு படம் எடுப்பார். இன்னொரு மயிரிழை நகர்த்தி இன்னொரு படம். இப்படி இருபத்துநாலு படம் சேர்ந்தால்தான் திரையில் ஒரு நொடி. காலையில் எழுந்து நிற்க ஆரம்பித்த நாய், நான் துணிக்கடை வேலைக்குப் போய்விட்டு வந்து பார்த்தாலும் பாதிதான் எழுந்திருக்கும். இதைவிட எறும்பு மேய்க்கலாம் என்று நான் சொல்வேன். அதற்கும் கோபம் வராது. அவருக்குக் கோபம் வருவதற்கே ஒரு வாரம் பிடிக்கும், அதற்குள் எனக்கு மறந்துபோகும்.

பின்னறைதான் பட்டறை. ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி. மேஜையைத் தரையோடு திருகி முடுக்கியிருந்தார். படம் எடுக்கும்போது வீட்டில் யாரும் தும்மக் கூடாது, கதவை அடித்துச் சாத்தக் கூடாது, துவைக்கிற மெஷின் போடக் கூடாது. மெஷின் சுற்றினால் நாய் நடுங்குமாம். எல்லாவற்றையும்விடப் பெரிய கூத்து அந்த ஆளுயரக் கண்ணாடி. நாய் செய்யப்போகிற எதையும் முதலில் தானே கண்ணாடி முன்னால் செய்து பார்ப்பார். என் தம்பி எங்கள் வீட்டுக்கு முதன்முதலாக வந்த அன்று, இவர் நாலு காலில் நின்று ஒரு காலைத் தூக்கிக் காதைச் சொறிய முயன்றுகொண்டிருந்தார். தம்பி என்னைத் தனியாகக் கூப்பிட்டான்.

"அக்கா, மாமா நல்லாத்தானே இருக்காரு?"

"அவருக்கு வேலையே அதான். நீ போய்க் கை கழுவிட்டு சாப்பிட வா" என்றேன்.

தம்பிக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் வேலை. நோயாளிகளைச் சக்கர நாற்காலியில் வைத்து ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்குத் தள்ளிக்கொண்டு போவான். பிறகு எங்கள் மாடி அறைக்கே குடிவந்துவிட்டான். சாப்பாடும் எங்களோடுதான்.

இப்போது சொல்லப்போகிற படத்தின் கதை இவரே எழுதியது. குப்பைமேட்டில் அடித்துக்கொள்கிற நாய்கள் ஒன்றுகூடி, எலும்புக் கிடங்குக்குக் காவலாக ஒரு கொழுத்த நாயைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கின்றன. கிடங்கு காலியாகிக்கொண்டே வருகிறது, தலைவர் ஊதிக்கொண்டே போகிறார். கேட்டால், எலும்புகளைத் திருடர்களுக்குப் பயந்து தன் வயிற்றில் பத்திரமாக வைத்திருப்பதாக மேடையேறிப் பேசுகிறார். கூட்டம் மொத்தமும் வாலாட்டுகிறது. பிறக்கும்போதே வாலில்லாத ஒரு நாய் மட்டும் வாலாட்டாத குற்றத்துக்காக மாட்டிக்கொள்கிறது.

கதையைக் கேட்டதும் நான் எழுந்து போய்த் தெருக்கதவைச் சாத்திவிட்டு வந்தேன். அது ஊரே வாயைப் பொத்திக்கொண்டிருந்த காலம். பஸ்ஸில் யாராவது விலைவாசி என்று ஆரம்பித்தால் மற்றவர்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். எதிர்வீட்டுப் பத்திரிகைக்காரரைக் காணவில்லை. அவர் வாசலில் பால் பாக்கெட்டுகள் குவிந்து, வீங்கி, நாறிக் கிடந்தன. யாரும் எடுத்துப் போடவில்லை. நானும் எடுக்கவில்லை.

"நீங்க யாரைச் சொல்றீங்கன்னு பச்சைப்பிள்ளைக்குக்கூடத் தெரியும்" என்றேன்.

"நாயைச் சொல்றேன்" என்றார்.

எடுத்து முடித்ததும் படத்தைத் தணிக்கைக் குழு பார்த்தது. விழுந்து விழுந்து சிரித்தார்களாம். ஒரே ஒரு வசனத்தை வெட்டிவிட்டு, குழந்தைகள் படம் என்று அனுமதி கொடுத்தார்கள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவருக்கு மனசுக்குள் கொஞ்சம் ஏமாற்றம்தான். யாருக்கும் புரியவில்லையோ என்று சாப்பிடும்போது முனகிக்கொண்டிருந்தார்.

சில நாள் கழித்து, அந்தக் குழுவில் இல்லாத ஒருவர் காலையிலேயே வந்தார். வெள்ளைச் சட்டை. கையில் பையோ காகிதமோ ஒன்றும் இல்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, என்னைப் பார்த்து வணக்கம் சொல்லி, தொந்தரவுக்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு உள்ளே வந்தார். அந்த மரியாதைதான் எனக்குப் பிடிக்கவில்லை. அதட்டுகிறவனுக்குப் பதில் சொல்லிவிடலாம்.

தலைவர் நாய் மேடையில் பேசுகிற காட்சியை மட்டும் போடச் சொன்னார். பார்த்தார். மறுபடியும் போடச் சொன்னார். தணிக்கைக் குழு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த இடத்தில் வந்தவர் இமைகூடக் கொட்டவில்லை. பிறகு சத்தத்தை நிறுத்திவிட்டுப் போடச் சொன்னார்.

"இந்த வலது முன்னங்காலை ஏன் சார் இப்படி வெச்சிருக்கீங்க?"

என் வீட்டுக்காரருக்கு முகமெல்லாம் பூரிப்பு. அவருடைய வேலையில் ஒரு காலை மட்டும் குறிப்பிட்டுக் கேட்ட முதல் மனிதர் அவர்தான். மளமளவென்று விளக்க ஆரம்பித்துவிட்டார். தலைவர் நாய் வலது காலை மேஜைமேல் வைத்து இடது காலால் மூடிக்கொள்ளும். தூக்கும்போது ஒரேயடியாகத் தூக்காது, பாதியில் சின்னதாக நடுங்கி, தயங்கித்தான் மேலே போகும்.

"இதை எங்கேயிருந்து எடுத்தீங்க?"

"நம்ம தலைவர் பேச்சுலேர்ந்துதாங்க. பழசு புதுசு எல்லாத்தையும் ஒவ்வொரு படமா நிறுத்திப் பார்த்தேன். கொஞ்ச காலமா அவருக்கு வலது கை அப்படித்தான் வருது. நல்லா மறைக்கிறாரு. ஆனா நிறுத்திப் பார்த்தா தெரிஞ்சுடும்."

நான் அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தேன். ஓடிப்போய் அவர் வாயைப் பொத்தலாம் போல இருந்தது. நாட்டின் தலைவரைத்தான் நாயாக்கினேன் என்று தன் வாயாலேயே சொல்லிவிட்டது அவருக்கு உறைக்கவில்லை. வந்தவரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. அவருக்கு அந்த ஒரு கால்தான் கணக்கு.

"இது உங்களுக்கு யார் சொன்னாங்க?"

"யாரும் சொல்லலைங்க. கண்ணால பார்த்ததுதான்."

"கூடவே இருக்கிறவங்களுக்கே தெரியாதே சார்" என்றார் அவர். சொல்லிவிட்டுச் சட்டென்று நிறுத்திக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"உங்க தம்பி எந்த வார்டுல வேலை பார்க்கிறாரும்மா?"

எனக்குத் தம்பி இருப்பதை நாங்கள் யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

அன்று தம்பி வேலையிலிருந்து திரும்பவில்லை. மறுநாள் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். வாசலில் இருந்த காவலாளி தினமும் அவனோடு டீ குடிக்கிறவர். அப்படி ஒருத்தர் இங்கே வேலையே பார்க்கவில்லை என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

விஷயம் எங்களுக்குப் புரிந்துவிட்டது. தலைவருக்கு ஏதோ வியாதி. அந்த ஆஸ்பத்திரியில்தான் ரகசியமாக வைத்தியம் நடக்கிறது. ஊருக்குத் தெரியாத வியாதி ஒரு பொம்மை நாயின் காலில் தெரிகிறது என்றால், உள்ளே வேலை செய்கிற எவனோ வந்து சொல்லியிருக்கிறான் என்று அவர்கள் முடிவுகட்டிவிட்டார்கள். என் தம்பிக்கு அந்த வைத்தியம் நடக்கிற மாடிக்குப் போகவே அனுமதி கிடையாது. அதை யாரிடம் போய்ச் சொல்வது?

நான் இவரைப் பிடிபிடி என்று பிடித்துக்கொண்டேன். "நொண்டுற காலு வேற எங்கேயும் கிடைக்கலையா உங்களுக்கு? அந்தத் தையல்காரர் நாயை வெச்சு எடுத்திருக்கக் கூடாதா?" அவர் பட்டறைக்குள் போய்த் தலைவர் நாயைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெளியே வந்தபோது சட்டை மாற்றியிருந்தார்.

"நான் போறேன். எந்தப் பேச்சை வேணும்னாலும் போடுங்க, கையைப் பார்த்துச் சொல்றேன்னு சொல்றேன். கண்ணால பார்த்ததுதான்னு நிரூபிச்சுட்டா, பையன் சொல்லலைன்னு ஆயிடும் இல்ல?"

"அவங்க நம்பலைன்னா?"

"அவனை விட மாட்டாங்க."

"நம்பினா?"

அவர் மூக்குக்கண்ணாடியை என் முந்தானையில் துடைத்துக்கொண்டு கிளம்பினார். போகாதீங்க என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போய்ட்டு வாங்க என்று சொல்லவும் வரவில்லை. வாசலில் நின்று அவர் தெருமுனை திரும்புகிறவரைக்கும் பார்த்தேன். அவசரமே இல்லாமல் எப்போதும் போலத்தான் நடந்தார்.

மறுநாள் மத்தியானம் தம்பி மட்டும் வந்தான். உடம்பில் ஒரு காயம் இல்லை. ஆனால் ஃபேன் சுற்றுகிற சத்தத்துக்குக்கூடத் திடுக்கிட்டான். தண்ணீர் குடித்துவிட்டுத்தான் பேசினான்.

"பெரிய ரூம்க்கா. திரையில தலைவர் பேச்சு ஓடுது, சத்தமே இல்லாம. மாமா பார்த்துக்கிட்டே இருந்துட்டு, நிறுத்துங்க, இங்கேதான் ஆரம்பிக்குதுன்னாரு. வேற ஒண்ணு போட்டாங்க. அதுலயும் சரியா சொன்னாரு. எல்லாரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பார்த்துக்கிட்டாங்க. அப்புறம் அந்த வெள்ளைச் சட்டைக்காரர் என்னைப் போகச் சொன்னாரு. மாமாவும் எழுந்தாரு. நீங்க உட்காருங்க சார்னு தோளைத் தொட்டு உட்கார வெச்சுட்டாரு."

"மாமா என்ன சொன்னாரு?"

"அக்காவைப் பார்த்துக்கோன்னாரு."

அவன் குலுங்கிக் குலுங்கி அழுதான். எனக்கு அழுகை வரவில்லை.

அடுத்த வாரம் ஒரு வேன் வந்தது. கேமரா, விளக்குகள் எல்லாவற்றையும் பக்குவமாக எடுத்து வைத்தார்கள். மேஜையின் திருகுகளைக் கழற்றித் தூக்கினார்கள். ஆளுயரக் கண்ணாடியைக்கூடக் கம்பளி சுற்றிக் கொண்டுபோனார்கள். நாய்களில் ஒன்றையும் தொடவில்லை. அவருக்கு மாற்றுத்துணி கட்டிக் கொடுத்தேன், மறுக்காமல் வாங்கிக்கொண்டார்கள். எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. துணி வேண்டுமென்றால் ஆள் இருக்கிறார் என்றுதானே அர்த்தம்.

அந்தச் சமயத்தில் தலைவர் டிவியில் தலைகாட்டியே நாளாகியிருந்தது. ஏதேதோ பேசிக்கொண்டார்கள், மெதுவாகத்தான். பிறகு ஒரு சாயங்காலம் அவர் உட்கார்ந்துகொண்டு பேசினார். பேச்சின் நடுவே வலது கையை நீட்டித் தண்ணீர் டம்ளரை எடுத்தார். நடுக்கம் இல்லை, தயக்கம் இல்லை.

"கை குணமாயிடுச்சு போலக்கா" என்றான் தம்பி.

எனக்கு அது குணமான கையாகத் தெரியவில்லை. அந்தக் கை மேலே போவதற்கு முன்னால் கொஞ்சமே கொஞ்சம் கீழே இறங்கியது. நானும் நீங்களும் டம்ளர் எடுக்கும்போது அப்படிச் செய்வதில்லை. என் வீட்டுக்காரர் தூக்கவைக்கிற நாய்க்கால்தான் அப்படி இறங்கிவிட்டு ஏறும். அப்போதுதான் கனம் தெரியும் என்பார். விரல்கள் டம்ளரில் ஒவ்வொன்றாகப் போய் உட்கார்ந்தன. அவர் செய்த நாய்கள் எலும்பைப் பிடிக்கிறபோதும் கால்விரல்கள் இப்படித்தான் உட்காரும். அதை எப்படிச் செய்கிறார்கள், மனிதனை வைத்தா பொம்மையை வைத்தா, எனக்குத் தெரியாது. டிவிக்குப் பக்கத்தில் போய் அந்தக் கையைத் தொட்டுப் பார்த்தேன். அன்றுதான் அழுதேன்.

இந்த நாட்டில் தலைவர் பேச்சு எப்போது வரும் என்று ஆசையோடு காத்திருக்கிறவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். கடையில் என்னைக் கட்சிக்காரி என்று நினைக்கிறார்கள், நினைத்துக்கொள்ளட்டும். தலைவர் குணமாகிவிடக் கூடாது, குணமானால் என் வீட்டுக்காரர் வேண்டியதில்லை. செத்துப்போகவும் கூடாது, செத்தாலும் வேண்டியதில்லை. இருக்கிற வியாதியோடு அப்படியே நீடூழி வாழ வேண்டும் என்று, வாயில் வராத வசவெல்லாம் சேர்த்து, அந்த மனிதருக்காக வேண்டிக்கொள்கிறேன்.

நேற்றும் பேசினார். இப்போதெல்லாம் வலது கையோடு நிற்பதில்லை, இடது கையும் என் வீட்டுக்காரர் கைவேலைதான். கழுத்து திரும்பியது, திரும்புவதற்கு முன்னால் கொஞ்சம் எதிர்ப்பக்கம் போனது. இமை கொட்டியது. கடைசியில் மெதுவாக ஒரு சிரிப்புச் சிரித்தார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். அந்த முகத்தில் வேறு யாருடைய அசைவும் ஒன்றுகூட இல்லை. தலைவர் இருக்கிறாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது. என் வீட்டுக்காரர் நேற்று வரைக்கும் இருக்கிறார்.