ஓர்காவுக்கு வழிவிட்ட பேட்டரிப் படகு

போன சனிக்கிழமை நாங்கள் படகேறியதற்குக் காரணம் சுதா அக்கா. ஆக்லாந்து நகரின் லின்ஃபீல்டு பகுதியில் எங்கள் பக்கத்து வீடு, யாழ்ப்பாணத்துக்காரர், கப்பல் மின்பொறியாளர். ஆக்லாந்தில் டீசல் படகுகளின் இடத்துக்குப் பேட்டரிப் படகுகள் வரத் தொடங்கியிருக்கின்றன அல்லவா? அவற்றில் ஒன்றுக்குப் பேட்டரி பொருத்திய குழுவில் அவரும் ஒருவர். அந்தப் படகு பயணிகளை ஏற்றத் தொடங்கிய முதல் வாரம் அது.

“நீங்களும் வாங்கோவன். எனக்குப் பயமாக் கிடக்கு,” என்றார். நானும் என் மனைவி கவிதாவும் உடனே கிளம்பிவிட்டோம். அக்காவின் எட்டு வயது மகள் நிலாவும் வந்தாள்.

லின்ஃபீல்டிலிருந்து நகர மையத்துக்குப் பேருந்தில் முக்கால் மணி நேரம். அதே பஸ் கார்டு படகுக்கும் செல்லும். அங்கிருந்து படகில் ஹாஃப் மூன் பே துறைக்குச் சுமார் முப்பத்தைந்து நிமிடம்.

டீசல் படகில் கத்தித்தான் பேச வேண்டும். இதில் தண்ணீர் கிழிபடும் ஓசை மட்டுமே. பின்சீட்டுத் தம்பதியின் வீட்டுக்கடன் சண்டைகூடத் தெளிவாகக் கேட்டது!

பாதி வழியில் வேகம் குறைந்தது. படகு நின்றேவிட்டது.

அக்காவின் முகம் வெளிறியது. “ஐயோ, நிண்டிட்டுது! பேட்டரிதான்...” கவிதாவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

அப்போது ஒலிபெருக்கியில் கேப்டன் பேசினார். வலது பக்கம் ஓர்காக்கள், அதாவது கொலைத் திமிங்கிலங்கள், போகின்றன, அவை கடக்கும்வரை காத்திருப்போம் என்றார். எல்லோரும் வலது பக்கம் ஓடினோம். கரிய முதுகுத் துடுப்புகள் மூன்று, நடுவே ஒரு குட்டி. புஸ்ஸென்று நீர் பீறியது.

“அக்கா, அது மூச்சு விடுறதே கேக்குது!” என்று கத்தினாள் கவிதா.

“ஓம், கேக்குது! பேட்டரிக்கு ஒண்டுமில்ல!” அக்கா அழுதுகொண்டே சிரித்தார்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். எல்லா நடையிலும் பேட்டரிப் படகு வராது, முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். மேல்தளத்தில் உட்காருங்கள், காற்றுக்கு ஜாக்கெட் அவசியம். வார இறுதியில் படகுகள் குறைவு, திரும்பும் நேரத்தைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். சுற்றிலும் கடல் உள்ள நாட்டில், கடலில் புகை விடாமலும் ஊர் போய்ச் சேரலாம் என்பதைக் கண்ணால் பார்ப்பது தனி சந்தோஷம்.

இறங்கும்போது நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் படகைத் தட்டிக்கொடுத்து, அருமையான படகு என்றார். நிலா நிமிர்ந்து நின்று, “மை மம் மேட் இட் கோ!” என்று, படகை ஓடவைத்தது தன் அம்மாதான் என ஆங்கிலத்தில் சொன்னாள். ‘தமிழில சொல்லு’ என்று எப்போதும் அதட்டும் அக்கா, அன்று அவளை இழுத்து அணைத்துக்கொண்டார்.