மண்டபம் கிடைக்காத கச்சேரி

என் மகளின் கச்சேரி அரியலூர் மண்டபத்தில் நடக்காமல் போனதற்கு நான்தான் காரணம். இதை முதலில் எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுத வேண்டும்.

சென்னையில் கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு வந்து மூன்று வருடமாக அவள் பாடிக்கொண்டிருந்தாள். வயல்காட்டுப் பாட்டு மெட்டுகளில் சொந்தமாக எட்டுப் பாட்டுகள் எழுதி, பறையும் கிட்டாரும் சேர்த்துப் பதிவு செய்தாள். பின்னால் எந்தக் கம்பெனியும் இல்லை. ஃபோனில் வீடியோ போடுவதும் அவளே, பசை வாளியோடு பஸ் ஸ்டாண்டில் போஸ்டர் ஒட்டுவதும் அவளே. பாட்டுகளை மேடையில் வெளியிட ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குக் கல்யாண மண்டபம் பிடித்திருந்தாள்.

எட்டில் ஒன்று ஒப்பாரி. சாவு விழாத இடத்தில் ஒப்பாரி பாடினால் சாவு விழும் என்று எங்கள் பக்கத்தில் நம்புவார்கள். பாடிக்காட்டச் சொன்னால் பெண்கள் வீட்டை விட்டு வெளியே, புளியமரத்தடிக்குப் போய்த்தான் வாயைத் திறப்பார்கள். இது தெரிந்தே, மண்டபக்காரரிடம் போகிற போக்கில் சொல்வதுபோல, "எம் பொண்ணு ஒப்பாரியும் பாடுது, தெரியுமில்ல?" என்றேன். என்னிடம் படித்தவர் அவர். முகம் மாறிவிட்டது. "நல்ல காரியம் நடக்கற எடமாச்சே சார்" என்றார். மறுநாள் காலையில் மகளுக்கு ஃபோன் வந்தது. மண்டபத்தில் ரிப்பேர் வேலையாம்.

நான் சொன்னது பொய்யில்லை. ஆனால் சகுன பயம் மண்டபக்காரருடையது. என்னிடம் இருந்தது சாதித் திமிர். கூலிக்குப் போகும் பெண்கள் பாடுவதைத் தலைமையாசிரியர் மகள் சொந்தபந்தத்துக்கு முன்னால் பாடக் கூடாது என்று நினைத்தேன். அவ்வளவுதான்.

மகள் அழவில்லை. "அஞ்சு நாள் இருக்குப்பா. செட்டிகுளத்துல ஒரு வெங்காயக் கொட்டகை, முன்னாடி பெரிய களம். நீங்க வந்து பக்கத்துல நில்லுங்க, போதும். ஒங்க மரியாதைக்காவது குடுப்பாங்க" என்றாள்.

போனோம். இருபது பெண்கள் உட்கார்ந்து சின்ன வெங்காயத்தின் தாளை அறுத்துக்கொண்டிருந்தார்கள். கொட்டகைக்காரர் எல்லாவற்றையும் கேட்டார். "ஒப்பாரிங்கறீங்களே..." என்று இழுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "சார் சொல்லட்டும். சார் சரின்னா எனக்கும் சரி."

மகள் என்னை நம்பிக்கையோடு பார்த்தாள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"மண்டபக்காரருகிட்ட சொல்லிக் கெடுத்ததே நாந்தாங்க. நீங்களாவது எடம் குடுங்க. பாடட்டும்" என்றேன்.

அறுக்கும் சத்தம் நின்றுவிட்டது. மகள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெண்களில் மூத்தவர்தான் வாயைத் திறந்தார்.

"ஏன் சார், பெத்த புள்ளைக்கே குழி வெட்டுனீங்களா? நாங்க வெங்காயத்தோட குந்திக்கிட்டு தெனமும் அழுவுறோம். எங்களுக்கு என்ன ஆயிப்போச்சு? நீ பாடு ஆயி!"

கொட்டகையே சிரித்தது. கடைசியில் கொட்டகைக்காரரும் சிரித்துவிட்டார். இடம் கிடைத்தது.

திரும்பும் பஸ்ஸில் மகள் வேறு சீட்டில் போய் உட்கார்ந்தாள். பெரம்பலூரில் இறங்கியதும்தான் பேசினாள்.

"நாளையிலேர்ந்து ஆட்டோவுல மைக்க நீங்கதான் புடிக்கணும்."

"நானா?"

"பின்ன யாரு? காதோட காதா சொல்லத்தான் தெரியுமா? இனிமே ஊருக்கே கேக்கற மாதிரி சொல்லுங்க."

நான்கு நாள் சொன்னேன். பெரம்பலூர், ரஞ்சன்குடி, அரியலூர் என்று ஆட்டோ சுற்றியது. என்னிடம் படித்தவர்கள் பைக்கை நிறுத்தி, "சார், நீங்களா!" என்று வாயைப் பிளந்தார்கள். என் பெரிய மச்சினன் வீட்டு வாசலில் ஆட்டோவை நிறுத்தச் சொன்னேன். "ஒப்பாரியும் உண்டு, தவறாமல் வாருங்கள்" என்று அங்கே மட்டும் இரண்டு தடவை சொன்னேன். அவர் கதவைச் சாத்திக்கொண்டார். எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. மனசு லேசாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குக் களம் கொள்ளவில்லை. டிராக்டர் டிரெய்லர் மேலெல்லாம் ஆட்கள். ஆறாவதாக ஒப்பாரி வந்தபோது யாராவது எழுந்து போவார்களோ என்று பார்த்தேன். ஒருவரும் அசையவில்லை. பாதிப் பாட்டில் கொட்டகைப் பெண்கள் கூடவே குரல் எடுத்தார்கள். மகள் மைக்கைத் தாழ்த்தி அவர்களிடம் பாட்டை விட்டுவிட்டாள். முடிந்ததும் பறை அதிர்ந்தது, களமே எழுந்து நின்று கை தட்டியது. தட்டியவர்களில் நானும் ஒருவன். அதற்கு எனக்கு என்ன யோக்கியதை என்ற கேள்வி அப்போதும் இருந்தது.

என்னை மன்னித்ததாக அவள் இன்றுவரை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

கூட்டம் கலைந்தபோது பெண்கள் லோடு ஆட்டோவில் ஏறினார்கள். ஏறியதுமே பாட ஆரம்பித்துவிட்டார்கள். வெங்காயக் கூடையோடு கைகாட்டினால் நிற்காமல் போகும் டவுன் பஸ்ஸைத் திட்டும் பாட்டு, என் மகள் எழுதியது, அன்றுதான் அவர்கள் முதன்முதலாகக் கேட்டது. அவள் ஃபோனைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினாள்.

"அக்கா, இன்னொரு தடவ பாடுங்கக்கா, வீடியோ எடுத்துக்கறேன்!"

"அடி போடி! வூட்டுல போயி ஒல வைக்கணும். வேணும்னா நீ ஏறிக்க!"

ஏறிக்கொண்டாள்.