கண்ணாடிக்குத் தண்ணீர் வராத கார்

நீடாமங்கலத்துக்கும் குடவாசலுக்கும் நடுவில் ஓர் ஊரில் சாம்பசிவம் என்று ஒரு பெரிய மனிதர் இருக்கிறார். பெரிய மனிதர் என்று நான் சொல்லவில்லை, அவரே சொல்லிக்கொள்வதுதான். தாத்தா காலத்தில் நாற்பது வேலி நிலம் இருந்ததாம். இப்போது இருப்பது ஒன்றரை ஏக்கரும் ஒரு வெள்ளைக் காரும். ஒன்றரை ஏக்கரைக் குத்தகைக்கு விட்டுவிட்டார். காரை மட்டும் யாரிடமும் தரமாட்டார், தானேதான் ஓட்டுவார்.

காருக்கு வயது இருபது, அவருக்கு எழுபத்தொன்று. இரண்டு பேருக்கும் முன்பக்கம் கொஞ்சம் சரிந்திருக்கும். ஆனால் அந்தக் கார் கடைத்தெருவில் திரும்பினால் டீக்கடையில் நாலு பேர் எழுந்து நிற்பார்கள் என்று அவருக்கு நம்பிக்கை. எழுந்து நிற்பது உண்மைதான். அவர் பிரேக் பிடிக்கிற லட்சணம் அப்படி.

ஊர் வாய்க்கால் சங்கத்துக்குப் பத்து வருஷம் அவர்தான் தலைவர். பிடாரி வாய்க்கால் மதகுக்குப் பக்கத்தில் ஒரு போர்டு இருக்கிறது: ‘இவ்வாய்க்கால் முழுவதும் தூர் வாரப்பட்டது. தலைவர்: சாம்பசிவம்.’ முழுவதும்! மதகிலிருந்து நூறு அடி வரைக்கும் பொக்லைன் வந்தது, போட்டோ எடுத்தார்கள், போய்விட்டது. அதற்கப்புறம் இரண்டு கிலோமீட்டருக்குச் சேறும் கோரையும் வெங்காயத்தாமரையும்தான். வாய்க்கால் முடிகிற கடைமடையில் முக்கால் ஏக்கர் வைத்திருக்கிற மருதையன் ஒரு கூட்டத்தில் எழுந்து, “எங்க பக்கம் தண்ணி வரலைங்களே ஐயா” என்று கேட்டான். “மதகுகிட்ட போய்ப் பாத்தியா? சுத்தமா இருக்குல்ல? தண்ணி தானா வந்து சேரும், போ” என்றார் தலைவர். இன்றைக்கு வரைக்கும் வந்து சேரவில்லை. அது போகட்டும், நாம் காருக்கு வருவோம்.

இந்த மாசத்தோடு காரின் ஆர்.சி. முடிகிறது. ஆர்.டி.ஓ. ஆபீஸ் பிரேக் இன்ஸ்பெக்டரிடம் காட்டி, அவர் சரி என்றால்தான் இன்னும் ஐந்து வருஷம் ஓட்டலாம். பெங்களூரில் இருக்கிற மகன் பரணிதரன் போனில் தீர்த்துச் சொல்லிவிட்டான்: “அப்பா, ஃபெயிலானா காயலான் கடைக்குத்தான். ஆள்கூடப் பேசிட்டேன்.”

சாம்பசிவம் கணக்குப் போட்டுப் பார்த்தார். கார் போனால் டவுன் பஸ்தான். பஸ்ஸில் யார் எழுந்து இடம் கொடுப்பார்கள்? தன் தாத்தா நிலத்தில் நாற்று நட்டவர்களின் பேரப்பிள்ளைகள் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து போன் பார்க்க, தான் கம்பியைப் பிடித்துத் தொங்குவதை நினைத்து அன்று ராத்திரி முழுக்க விழித்துக் கிடந்தார். வேடிக்கையாகச் சொல்லவில்லை, மனுஷன் நிஜமாகவே பயந்துபோனார்.

காரில் எல்லாம் ஒரு மாதிரி தேறும். ஒன்றுதான் தேறவில்லை. முன்கண்ணாடிக்குத் தண்ணீர் பீச்சுகிற பொத்தானை அழுத்தினால் ‘கொய்ங்’ என்று சத்தம் மட்டும் வரும். தண்ணீர் வராது. வறட்டுக் கண்ணாடியில் வைப்பர் கீச் கீச்சென்று ஓடி, இருக்கிற தூசியை அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கத்துக்கு இழுத்துவிடும்.

“மோட்டார் போச்சு” என்று தீர்ப்புச் சொன்னார் சாம்பசிவம்.

“சத்தம் கேக்குதேங்க” என்றாள் அவர் மனைவி மதுரம்.

“உனக்கு என்னடி தெரியும்?”

நீடாமங்கலத்தில் சுடர்விழி ஒர்க்ஷாப் வைத்திருக்கிறாள். பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் படித்தவள், கை சுத்தம், வாய் அதைவிடச் சுத்தம். மருதையனின் மகள். இதனாலேயே சாம்பசிவம் அங்கே போவதைத் தள்ளித் தள்ளிப் போட்டார். மருதையன் ‘ஐயா’ என்று கூப்பிடுவான். இந்தப் பெண் ‘சார்’ என்கிறது. அந்த ஒரு ‘சார்’ அவருக்கு நெஞ்சில் நெருஞ்சி முள் மாதிரி.

வேறு வழியில்லாமல் போனார். சுடர்விழி பொத்தானை ஒருதரம் அழுத்தினாள், காதைக் கொடுத்துக் கேட்டாள்.

“மோட்டார் நல்லா இருக்கு சார். டேங்க்லதான் ஏதோ அடைப்பு. கழட்டிப் பாத்துருவோம். என்ன தண்ணி ஊத்துறீங்க?”

“காவேரித் தண்ணி!” என்றார் சாம்பசிவம், நெஞ்சை நிமிர்த்தி.

அடேயப்பா, அந்தப் பெருமையைக் கேளுங்கள். போர் தண்ணீர் உப்பு, கண்ணாடி பூத்துப்போகும் என்று அவருக்குத் தெரியும். அதுவரைக்கும் சரிதான். அதனால் வருஷா வருஷம் ஆடிப்பெருக்கன்று, காவேரியின் கிளையான வெண்ணாற்றங்கரைக்குப் போய், காதோலை கருகமணி விட்டு, சூடம் காட்டி, புதுத் தண்ணீரை ஒரு குடம் மொண்டு வந்து, வருஷம் முழுக்க அதைத்தான் அந்த டேங்கில் ஊற்றுவார். புதுத் தண்ணீர் எப்படி வரும்? செக்கச்செவேல் என்று, வழியிலிருக்கிற வண்டலையெல்லாம் வாரிக்கொண்டுதானே வரும்? இருபது ஆடி. இருபது குடம்.

“அப்ப கட்டாயம் கழட்டணும் சார்” என்றாள் சுடர்விழி. சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள் என்று அவருக்குத் தோன்றியது.

“காவேரித் தண்ணி ஊத்தின டேங்க்ல என்னம்மா இருக்கும்? மோட்டாரை மாத்து.”

“நல்லா இருக்கிற மோட்டாரை மாத்த மாட்டேன் சார்.”

மூக்குக்கு மேல் கோபம் வந்து, வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். போகிற வழியிலேயே அவருக்கு ஒரு யோசனை வந்தது. பத்து வருஷம் தலைவராக இருந்தவருக்கு யோசனைக்கா பஞ்சம்?

வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்டரிடம் காட்டுகிற நாள். ஆபீஸ் கேட்டுக்கு முன்னால் காரை நிறுத்தினார். பாட்டில் தண்ணீரை எடுத்து முன்கண்ணாடி முழுக்கத் தெளித்தார். வைப்பரை இரண்டு ஓட்டு ஓட்டினார். கண்ணாடி பளபளவென்று ஆனதும் உள்ளே போனார்.

இன்ஸ்பெக்டர் ஹாரன் பார்த்தார், லைட் பார்த்தார், பிரேக் பார்த்து முகம் சுளித்தார், ஆனாலும் தலையாட்டினார். “வைப்பர் போடுங்க. தண்ணி அடிங்க.”

“இப்பதான் சார் அடிச்சேன். பாருங்க, எவ்ளோ ஈரம்.”

“நான் பாக்கும்போது அடிங்க.”

கொய்ங்.

“இன்னொரு தடவை.”

கொய்ங். இன்ஸ்பெக்டர் கதவு வழியாகக் குனிந்து பார்த்து, இருக்கையின் அடியில் கிடந்த காலிப் பாட்டிலை வெளியே எடுத்தார். சாம்பசிவத்தின் கையில் கொடுத்தார். “திங்கக்கிழமை கொண்டு வாங்க. செவ்வாய்க்கிழமையோட உங்க ஆர்.சி. முடியுது.”

காலிப் பாட்டிலும் கையுமாக அசடு வழிய நின்றார் நம்ம தலைவர். பிறகு வேறெங்கே போவார்? நேரே சுடர்விழி ஒர்க்ஷாப்புக்குத்தான்.

நடவு சமயம். ஒர்க்ஷாப் வாசலில் மூன்று டிராக்டர்கள் நின்றன. சுடர்விழி ஒன்றும் குத்திக்காட்டவில்லை. முன்சக்கரத்தைக் கழற்றி, அதற்குப் பின்னால் இருந்த பிளாஸ்டிக் மறைப்பை எடுத்து, டேங்கை இறக்கித் தரையில் வைத்தாள். வெறும் டேங்க், அதைத் தூக்க இரண்டு கை வேண்டியிருந்தது. மூடியைத் திறந்து சாய்த்தால் தண்ணீர் வரவில்லை. வண்டல், குழைந்த செவ்வண்டல், பாதி டேங்குக்கு.

“இதுல ஒரு போகம் எடுக்கலாம் சார்” என்றாள். “டிராக்டருக்கு ஆளுங்க காத்திருக்காங்க. நீங்களே வாரிக் கழுவிருங்க, நான் மாட்டித் தர்றேன்.” ஒரு பழைய பல் பிரஷ்ஷையும் வளைந்த கம்பியையும் அவர் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

சாம்பசிவம் அக்கம்பக்கம் பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். எழுபத்தொரு வருஷத்தில் அவர் சேற்றில் கை வைத்தது அன்றைக்குத்தான்.

அந்த நேரம் பார்த்து மகளுக்குச் சோறு கொண்டு வந்தான் மருதையன். பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டான். அப்புறம் மெள்ள ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டு, சாம்பசிவத்துக்கு எதிரில் உட்கார்ந்தான். அவர் முன்னால் அவன் உட்கார்ந்ததும் அன்றைக்குத்தான்.

சாம்பசிவம் வாய்ப்பக்கம் மட்டும் நாலு சுரண்டு சுரண்டி, தண்ணீர் விட்டு அலசி, “ஆச்சு” என்றார்.

“மேலாப்புல அலசுனா ஆவாதுங்க ஐயா” என்றான் மருதையன். “வாய் சுத்தமாத்தான் தெரியும். அடியில படிஞ்சது அப்படியே கெடக்கும். நல்லா உள்ள கைய விட்டு வாருங்க.”

அவன் குரலில் கேலி இல்லை. அதுதான் சாம்பசிவத்துக்குத் தாங்கவில்லை. ஒரு வார்த்தை திட்டலாம் என்று வாயைத் திறந்தார். செவ்வாய்க்கிழமை ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டு கையை உள்ளே விட்டார். முக்கால் மணி நேரம் வாரினார். முழங்கை வரைக்கும் சேறு, சட்டையில் சேறு, நெற்றி விபூதியின் மேலும் சேறு.

சுடர்விழி டேங்கை மாட்டி, வடிகட்டிய தண்ணீரை ஊற்றிப் பொத்தானை அழுத்தினாள். டிரைவர் பக்கத்து நாஸிலிலிருந்து சர்ரென்று பீச்சியது. சாம்பசிவம் குழந்தை மாதிரி கை தட்டிவிட்டார்.

“அந்தப் பக்கம் வரல சார்” என்றாள் அவள். இடது பக்கத்து நாஸில் வறண்டு கிடந்தது.

“அது கடைசிதானேம்மா? இங்க நல்லா வருதுல்ல, போதும். அது தானா வந்துரும்.”

டிராக்டர்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். மருதையன் ஸ்டூலிலிருந்து எழுந்தான்.

“எங்க வயலுக்கும் இதையேதாங்க ஐயா சொன்னீங்க.”

சாம்பசிவத்தின் காது இரண்டும் சூடாகிவிட்டது. கம்பியை எடுத்தார். பானெட்டைத் தூக்கி, இடது பக்கம் போகிற குழாயைக் கழற்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஊதினார், குத்தினார், மறுபடி ஊதினார். கடைசியில் மண் கட்டி தெறித்து அவர் மீசையிலேயே விழுந்தது. அப்புறம் இரண்டு பக்கமும் தண்ணீர் வந்தது.

திங்கட்கிழமை கார் பாஸ். ஐந்து வருஷம்! பரணிதரனுக்குப் போன் போட்டு, தன் கையாலேயே ரிப்பேர் பார்த்ததாக அரை மணி நேரம் அளந்தார். அதில் பொய் இல்லை, பாவம்.

திரும்பி வரும்போது முன்னால் போன நடவு டிராக்டர் கண்ணாடி முழுக்கச் சேற்றை வாரி இறைத்தது. சாம்பசிவம் ராஜா மாதிரி பொத்தானை அழுத்தினார். இரண்டு பக்கமும் சர்ரென்று பீச்ச, வைப்பர் ஒரே இழுப்பில் வழித்துவிட்டது. கண்ணாடி அத்தனை சுத்தமாக இருந்து அவர் பார்த்ததே இல்லை. நேரெதிரில் பிடாரி வாய்க்கால் மதகு. அந்தப் போர்டு. அதில் தன் பெயர், ஒவ்வோர் எழுத்தாக.

இப்போதெல்லாம் சாம்பசிவம் மதகு வழியை விட்டுவிட்டு, நீடாமங்கலத்துக்கு நாலு கிலோமீட்டர் சுற்றித்தான் போகிறார். கேட்டால், அந்த ரோடு நன்றாக இருக்கிறது என்கிறார். வாய்க்கால் இன்னும் அப்படியேதான் கிடக்கிறது.