கோலார் வழியில் ஓர் ஆறு

திருச்செங்கோட்டில் கோடை வந்தால் ஆண்கள் குறைந்துபோவார்கள். ஊரூராகக் கிணறு வற்றுவது அப்போதுதான். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளுக்கு ஓய்வே இல்லாத காலமும் அதுதான். சண்முகப்பிரியாவின் கணவன் மாதேஸ்வரன் போர்வெல் ரிக்கில் டிரில்லர். மாசியில் வண்டியேறினால் ஆடி மழைக்குத்தான் வீடு திரும்புவான். பிள்ளைகளின் கோடை விடுமுறை அதற்குள் வந்து போய்விடும்.

ஒருநாள் மூன்று வயது சௌந்தர்யா, அப்பாவோடு பேசி முடித்த போனைத் தலையணைக்கடியில் வைத்து, மேலே துண்டைப் போர்த்தினாள். "அப்பா தூங்கட்டும்" என்றாள். சண்முகப்பிரியா அந்தத் துண்டின் ஓரத்தைச் சரிசெய்தாள். பொறியியல் கல்லூரி நூலகத்தில் வேலை செய்பவள் அவள். அன்றைக்கே நான்கு நாள் லீவு எழுதிக் கொடுத்தாள்.

"ரெண்டு வாண்டுகள வெச்சுக்கிட்டு ஒத்தையில எப்படிப் புள்ள அத்தன தூரம் கார் ஓட்டுவ?" என்று போனில் பதறினான், கர்நாடகத்தில் கோலார் பக்கம் வேலையிலிருந்த மாதேஸ்வரன்.

"ஓட்டிக்கிட்டுத்தான் வாரேனுங்க. கோலாருக்கு வந்தா எந்தப் பக்கம் திரும்பறதுன்னு மட்டும் சொல்லுங்க."

ஐந்து மணிக்குப் புறப்படுவதாகத் திட்டம். கிளம்பும்போது மணி எட்டாகிவிட்டது. சங்ககிரி தாண்டுவதற்குள் எட்டு வயது தர்ஷன் இரண்டு முறை பசிக்கிறது என்றான். சேலத்துக்கு முன்பே சௌந்தர்யா வாந்தி எடுத்தாள். காரை ஓரங்கட்டி, சட்டை மாற்றி, எலுமிச்சம்பழத்தை முகரக் கொடுத்துவிட்டு மறுபடி ஸ்டியரிங்கைப் பிடித்தபோது, இன்னும் எவ்வளவு தூரம் என்று பின்னாலிருந்து இரண்டு குரல்கள் ஒன்றாகக் கேட்டன.

என்ன சொல்வதென்று தெரியாமல்தான் ஆரம்பித்தாள். "இந்த ரோட்டுக்கு அடியில ஒரு ஆறு ஓடுது, தெரியுமா? ஆயிரம் அடிக்குக் கீழ. நம்ம கார் போற பக்கமே அதுவும் வருது."

"அதுல மீனு இருக்குமா?"

"இருக்கும். இருட்டுல இருக்கறதால மீனுக்குக் கண்ணே இல்ல. சத்தத்த வெச்சே நீந்தும். அதனால மெதுவாப் பேசோணும்."

காருக்குள் குரல்கள் தாழ்ந்தன. ஓமலூர் தாண்டி, வலப்புறம் சேர்வராயன் மலை நீலமாய் அசையாமல் கிடந்தது. ஆனால் கூடவே வந்தது. முன்னால் வெயிலில் தார்ச்சாலை தண்ணீராய் மினுங்கி, அவர்கள் நெருங்க நெருங்க விலகிப் போனது. ஆறு மேலே வந்துவிட்டது என்று தர்ஷன் கிசுகிசுத்தான். அவளுக்கும் அப்படித்தான் தோன்றியது.

தீவட்டிப்பட்டிக்கு அருகே எல்லா வண்டிகளும் நின்றன. தொப்பூர்க் கணவாயில் டேங்கர் ஒன்று கவிழ்ந்துவிட்டதாம். அரைமணி ஒரு மணியானது. ஏசி குளிரவில்லை. கதை எடுபடவில்லை. சௌந்தர்யா அழுத அழுகையில் முகமெல்லாம் சிவந்து, குரல் கம்மிப்போனது. திரும்பிப் போகவும் இடமில்லை. சண்முகப்பிரியா ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதாள்.

யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். முன்னால் நின்ற ரிக் லாரியின் டிரைவர், நரைத்த மீசைக்காரர்.

"ஏனுங்க அம்மிணி, வெயில்ல ஏன் நிக்கறீங்க? வண்டிய எங்க லாரி நெழல்ல உடுங்க. புள்ளைங்கள எறக்குங்க. டிரம் நெறையத் தண்ணி இருக்குது, நனச்சு உடலாம்."

பேர் சுப்பையன், ராசிபுரத்துக்காரர். மாதேஸ்வரனை அவருக்குத் தெரியாது. லாரி நிழலில், நெடுஞ்சாலை ஓரத்தில், பிளாஸ்டிக் மக்கால் அவர் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்ற, இரண்டு பிள்ளைகளும் துள்ளிக் குளித்தார்கள். நின்ற வண்டிகளிலிருந்து மேலும் நாலைந்து குழந்தைகள் இறங்கி வந்தன. "வாங்க சாமி, வாங்க" என்று எல்லோருக்கும் ஊற்றினார். சண்முகப்பிரியாவும் இரண்டு கை நீட்டி வாங்கி முகத்தில் அறைந்துகொண்டாள். அந்தத் தண்ணீர் சில்லென்று இருந்ததை அவள் இன்றுவரை சொல்வாள்.

பன்னிரண்டு மணிக்குப் பாதை திறந்தது. ஈரத்தலையோடு பிள்ளைகள் உறங்கிப்போனார்கள். கிருஷ்ணகிரி, பிறகு பெயர் படிக்க முடியாத எழுத்தில் ஊர்கள். இரண்டு சிறு மூச்சுகளும் என்ஜின் ஓசையும் ஒன்றாய்க் கலந்து, காரே தூக்கத்தில் நடப்பதுபோல் போனது. அவளுக்குப் பயம் தெரியவில்லை. தன்னிடம் யாரும் எதுவும் கேட்காத மூன்று மணி நேரம் கல்யாணத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

மாந்தோப்பின் ஓரத்தில், துளையிடும்போது பறந்த கல்மாவு படிந்து தலைமுதல் கால்வரை சாம்பல் நிறமாக ஓடிவந்தான் மாதேஸ்வரன். சௌந்தர்யா அவனைப் பார்த்ததும் மிரண்டு அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவன் கை நீட்டவில்லை. கீழே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தன் கன்னத்தில் விரலால் ஒரு கோடு இழுத்துக் காட்டினான். மாவுக்கடியில் தோல் தெரிந்தது. அவள் யோசித்தாள். இறங்கி வந்து, மறு கன்னத்தில் தானும் ஒரு கோடு இழுத்தாள்.

"புள்ளைங்கள நான் பாத்துக்கறேன், நீ செத்த நேரம் படு" என்றான் அவன்.

சண்முகப்பிரியா காரின் சீட்டைச் சாய்த்துக் கண்ணை மூடினாள். வண்டி நின்ற பிறகும் சாலை அவளுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. விழித்தபோது மாமர இலைகளில் மஞ்சள் வெயில். எந்த ஊர் என்று சட்டென்று நினைவுக்கு வரவில்லை. தூரத்தில் மூன்று பேர் சிரிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. எழுந்திருக்காமல் அப்படியே கேட்டுக்கொண்டு கிடந்தாள்.