பத்துச் சிப்பி ஒரு சரம்

பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் கூரியரில் ஒரு பெட்டி வந்தது. அதன் அம்மா என் முன்னால்தான் பிரித்தாள். வண்ண மணிகள், மரத்தில் செய்த எண்கள், உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய அ, ஆ, இ. "விரலால தடவித் தடவிப் படிக்கணுமாம் ஆன்ட்டி. புது முறை" என்றாள். ஒரு எழுத்தைத் தடவிப் பார்த்தேன். பசை வாசனை வந்தது. புது முறையா என்ற கேள்வி வாய்வரை வந்தது, கேட்கவில்லை. வாயைத் திறக்க வேண்டிய இடத்தில் மூடிக்கொள்வதில் எனக்கு நீண்ட பழக்கம் உண்டு.

எழுபதுகளில், ஆசிரியப் பயிற்சி முடித்த கையோடு, தருவைகுளத்துக்கும் வேம்பாருக்கும் நடுவே ஒரு கடற்கரை ஊரில் எனக்கு முதல் வேலை. ஊர்ப் பேர் வேண்டாமே. பள்ளியில் மூன்றே பேர்: தலைமையாசிரியர், ஒன்றாம் வகுப்புக்கு மதலேன் டீச்சர், இரண்டுக்கும் மூன்றுக்கும் சேர்த்து நான். தூத்துக்குடியிலிருந்து பஸ்ஸில் போவேன். இறங்கும்போதே புடவையில் கருவாட்டு வாசனை ஏறிவிடும். மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்த முதல் வாரத்தில் பிள்ளைகள் எனக்கு வைத்த பட்டப்பெயரை இங்கே எழுத மாட்டேன்.

மதலேன் டீச்சர் அந்தக் கரையிலேயே பிறந்தவர், என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். சோப்புப் பெட்டி அட்டையில் பசையால் பெரிதாக ஒரு எழுத்து வரைவார். ஈரம் காய்வதற்குள் கடல்மணலைத் தூவி உதறினால் எழுத்து மட்டும் சொரசொரவென்று நிற்கும். பிள்ளைகள் கண்ணை மூடி விரலால் தடவி "ழ!" என்று கத்துவார்கள். கணக்குக்குச் சிப்பி. பத்துச் சிப்பியை ஓட்டை போட்டு வலைநூலில் கோத்தால் ஒரு சரம், மீதி உதிரி. எல்லாம் ஓர் ஓலைப்பெட்டிக்குள் கிடக்கும். சரியாகக் கழுவாத சிப்பி சில நாள் நாறவும் செய்யும், பொய் சொல்வானேன்.

ரோசம்மா என்ற பெண் மூன்று வருஷமாக ஒன்றாம் வகுப்பிலேயே உட்கார்ந்திருந்தாள். சிலேட்டைக் கொடுத்தால் கல்லாகிவிடுவாள். அவள் முதலில் வாய் திறந்தது அந்தச் சிப்பியிடம்தான். "பத்துல மூணு போனா எத்தன ஏளா?" என்று மதலேன் டீச்சர் கேட்க, மூன்றைத் தள்ளிவைத்துவிட்டு, "எங்கன போச்சு டீச்சர்? இந்தா இங்கனதான கெடக்கு" என்றாள். டீச்சர் சிரித்த சிரிப்பு என் வகுப்புவரை கேட்டது. மழைக்காலம் வருவதற்குள் அவள் இருபத்து மூன்றிலிருந்து எட்டைக் கழித்தாள். ஒரு சரத்தின் முடிச்சை அவிழ்ப்பாள், பத்தையும் உதிர்ப்பாள், கழிப்பாள். கடன் வாங்கிக் கழித்தல் என்று மூன்றாம் வகுப்பில் நான் தொண்டை வறளக் கத்தியது இதைத்தானா என்று எனக்கே அன்றுதான் விளங்கியது.

அந்தச் சமயத்தில் அரசாங்கத்திலிருந்து ஒரு மரப்பெட்டி வந்தது. உள்ளே பளபளவென்று மணிச்சட்டம், எண் கட்டைகள், எழுத்து அட்டைகள். தலைமையாசிரியர் அதை அப்படியே பீரோவில் வைத்துப் பூட்டினார். "பிள்ளையள் கையில குடுத்து ஒண்ணு காணாமப் போனா நீங்களா பதில் சொல்லுவிய?" மதலேன் டீச்சர் மூன்று முறை கேட்டுப் பார்த்தார். மூன்று முறையும் நான் பக்கத்தில் நின்றேன்.

இன்ஸ்பெக்டர் வந்த அன்று காலையில்தான் பெட்டி வெளியே வந்தது. மணிச்சட்டத்தைச் சுற்றிய காகிதம்கூடப் பிரியவில்லை. இன்ஸ்பெக்டர் அதைப் பிரித்து ரோசம்மாவைக் கூப்பிட்டு ஒரு கழித்தல் கேட்டார். அவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். மதலேன் டீச்சர் பொறுக்கமாட்டாமல் ஓலைப்பெட்டியை எடுத்து வந்து அவள் முன்னால் வைத்தார். ரோசம்மா முடிச்சை அவிழ்த்தாள், சரியாகச் சொன்னாள். இன்ஸ்பெக்டர் மூக்கில் கைக்குட்டையை வைத்திருந்தார்.

"கவர்மெண்டு குடுத்தத பிரிக்காம வச்சிட்டு, இது என்னம்மா குப்பை?"

தலைமையாசிரியர் முந்திக்கொண்டார். "வந்த அன்னைக்கே குடுத்துட்டேன் சார். இவியதான் தொட மாட்டங்காவ."

மதலேன் டீச்சர் என்னைப் பார்த்தார். இன்ஸ்பெக்டரும் என் பக்கம் திரும்பி, "நீங்க சொல்லுங்க. குடுத்தாரா?" என்றார்.

என் வேலை அப்போது நிரந்தரமாகவில்லை. அதற்கு எழுதிக் கொடுக்க வேண்டியவர் தலைமையாசிரியர். இதைக் காரணமாகத்தான் சொல்கிறேன், சமாதானமாக அல்ல. "குடுத்தாங்க சார்" என்றேன். இன்ஸ்பெக்டர் அதை எழுதிய தாளில் கையெழுத்தும் போட்டேன்.

ஒரு மாதத்தில் மதலேன் டீச்சருக்கு மாற்றல் வந்தது. எட்டயபுரத்தையும் தாண்டி, கடற்காற்று எட்டாத ஒரு கரிசல் ஊர். போகும்போது அவர் என்னை ஏசவில்லை. ஏசியிருக்கலாம். ஓலைப்பெட்டியை என் மேசையில் வைத்து, "ரோசம்மாவ விட்றாதிய" என்றார், அவ்வளவுதான்.

மறுநாளே தலைமையாசிரியர் அதைத் தூக்கி எறியச் சொன்னார். நானேதான் கொண்டுபோய்க் கரையில் கொட்டினேன். ரோசம்மா இரண்டு நாள் வகுப்பு மூலைகளில் தேடினாள். மூன்றாம் நாள் வரவில்லை. ஒரு வாரம் கழித்து வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தாள். "அங்கன சும்மா குத்தவச்சிருக்கதுக்கு, இங்கன இருந்தா கையாவது ஓடும்லா டீச்சர்" என்றாள். ரோசம்மா மணலில் உட்கார்ந்து கருவாட்டைப் பத்துப் பத்தாகக் கூறு கட்டிக்கொண்டிருந்தாள். "நாலு பத்து, ஒரு ஆறும்மா" என்றாள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. பள்ளிக்கு வா என்று சொல்லத்தான் போனேன். வந்து எதைத் தொடுவாள் என்று தோன்றியது. திரும்பிவிட்டேன்.

தலைமையாசிரியர் மாலை மரியாதையோடு ஓய்வு பெற்றார். வாழ்த்துமடல் வாசித்தது நான்.

பல வருஷம் கழித்துத் தூத்துக்குடி பஸ் ஸ்டாண்டில் மதலேன் டீச்சரைப் பார்த்தேன். தலை முழுக்க நரைத்திருந்தது. நலம்கூட விசாரிக்காமல், "ரோசம்மா என்ன பண்ணுதா?" என்றார்.

"நல்லாப் படிச்சா டீச்சர். ட்ரெயினிங் முடிச்சு வேலைக்கும் போயிட்டா."

அவர் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். "எனக்குத் தெரியும்லா" என்றார். கண் கலங்கியிருந்தது. அந்தச் சந்தோஷத்தோடேயே பஸ் ஏறிப்போனார்.

இப்போது அந்தப் பள்ளிக்கூடம் இல்லை. இடித்துவிட்டார்கள். தலைமையாசிரியர் இல்லை, மதலேன் டீச்சரும் போய்ச் சேர்ந்துவிட்டார். நான் சொன்ன இரண்டு பொய்யையும் திருப்பி வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. ரோசம்மா மட்டும் அதே ஊரில் இருக்கிறாளாம். அங்கே போகும் பஸ் என் தெருமுனையில்தான் நிற்கிறது. இதுவரை ஏறவில்லை.