படத்தில் பார்த்த வீடு

அலுவலகத்தில் அவரை 'அகலம்' என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் ஒல்லி. தோளில் தொங்கும் கேமரா பை அவரைவிடச் சதைப்பிடிப்பாக இருக்கும். பெயர் வந்தது தொழிலால். வாடகைக்கு வரும் அடுக்குமாடி வீடுகளைப் படம் பிடித்து விளம்பரம் போடும் நிறுவனத்தில் அவர் பதினோரு வருடமாகப் புகைப்படக்காரர். ஒருவர் பக்கவாட்டில் நுழையவேண்டிய குளியலறையை, நாலு பேர் ஓடிப்பிடித்து விளையாடலாம் என்பதுபோலக் காட்டிவிடுவார்.

அதற்கென்று அவர் படாத பாடு கிடையாது. மூலையில் முதுகை ஒட்டிக்கொண்டு, தேவைப்பட்டால் கழிவறைத் தொட்டி மேல் ஏறி நின்று, அறையை அகட்டிக் காட்டும் வைட் லென்ஸைப் போட்டு எடுப்பார். ஜன்னலுக்கு வெளியே அடுத்த கட்டடத்துச் சுவர் தெரிந்தால் வெளிச்சத்தைக் கூட்டி அதை வெளிறவைத்துவிடுவார். பார்க்கிறவர்கள் வானம் என்று நினைத்துக்கொள்வார்கள். கார் டிக்கியில், மூடிப்போன மழலையர் பள்ளி ஒன்றிலிருந்து வாங்கிய குட்டி மேசையும் இரண்டு குட்டி நாற்காலிகளும் எப்போதும் இருக்கும். அவற்றைப் போட்டால் ஹால் பெரிதாகிவிடும். மேசைமேல் ஐந்து பிளாஸ்டிக் பச்சை ஆப்பிள்கள். அதில் ஒன்றை அவர் மகள் மூன்று வயதில் கடித்துப் பார்த்திருந்தாள். பல் பதிந்த பக்கத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைப்பார்.

"நான் எங்க பொய் சொன்னேன்? லென்ஸ் பாக்குறதத்தான் காட்டுறேன்" என்பார் யாராவது கேட்டால். லென்ஸ்மேல் பழியைப் போட்டுவிட்டு நிம்மதியாகச் சாப்பிடப் போய்விடுவார்.

ஒரு திங்கட்கிழமை காலை, கீழ்த்தளத்தில் குடியிருந்த வீட்டு உரிமையாளர் மாடிப்படியில் அவரை மடக்கினார்.

"தம்பி, எங்க அக்கா பொண்ணுக்கு இங்கயே வேலை மாத்தலாயிடுச்சு. பன்னெண்டு நாள்ல வீட்டக் காலி பண்ணிக் குடுத்துடுங்க. உங்களுக்கென்ன, வீடுதான உங்க தொழிலே."

அந்தக் கடைசி வாக்கியத்தில் அகலம் குளிர்ந்துபோனார். மேலே வந்து மனைவியிடம் சொன்னபோதும் முகத்தில் கவலையே இல்லை.

"ரெண்டு நாள் வேலை. ஊர்ல இருக்கிற வீடெல்லாம் என் போன்ல இருக்கு."

மனைவி கண் மருத்துவமனையில் அறுவை அரங்குச் செவிலியர். மில்லிமீட்டர் கணக்கில் புழங்குகிறவர். "வீடெல்லாம் இருக்கா, படமெல்லாம் இருக்கா?" என்று கேட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

முதல் வீட்டில் உரிமையாளர் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, இவர்கள் மூவரையும் நிற்கவைத்தே விசாரித்தார்.

"விருந்தாளிங்க வருவாங்களா?"

"எப்பவாவது வருவாங்க."

"எப்பவாவதுன்னா மாசத்துக்கு எத்தன தடவ? ராத் தங்குவாங்களா?" பிறகு எட்டாம் வகுப்புப் படிக்கும் மகளைக் காட்டி, "பாப்பா நடந்தா சத்தம் வருமா? நாங்க கீழ் வீட்ல இருக்கோம். கொஞ்சம் நடந்து காட்டச் சொல்லுங்க" என்றார்.

மகள் அப்பாவை முறைத்தாள். அப்பா கண்ணாலேயே கெஞ்சினார். அவள் ஹாலில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். உரிமையாளர் கச்சேரி கேட்பவர்போலக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"குதிகால் அழுந்துது" என்று தீர்ப்புச் சொன்னார். அந்த வீடு போயிற்று.

இரண்டாவது வீட்டில் படுக்கையறை நடுவில் ஒரு தூண் நின்றது. "தூண் இருந்தா பில்டிங் ஸ்ட்ராங்கு சார்" என்றார் தரகர். கட்டிலைத் தூணுக்கு எந்தப் பக்கம் போடுவது என்று மனைவி கேட்டதற்கு, "அது உங்க குடும்ப விஷயம்" என்று ஒதுங்கிக்கொண்டார். மூன்றாவது வீட்டுக்குப் படியேறும்போதே எதிரே ஒரு புதுத் தம்பதி சாவியைச் சுழற்றிக்கொண்டு இறங்கினார்கள். நான்காவது வீட்டுக்காரம்மா, கேமரா வைத்திருப்பவர்களுக்குக் கொடுப்பதில்லை என்று கதவுச் சங்கிலியைக்கூடக் கழற்றவில்லை.

இப்படியே எட்டு நாள் ஓடிப்போயிற்று. அகலத்தின் வாய் சற்றுக் குறுகியது. கீழ்த்தளத்து உரிமையாளர் தினமும் மாடிக்கு வந்து, அக்கா மகளின் பீரோ எங்கே நிற்கும் என்று சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

ஒன்பதாம் நாள் மதியம். அலுவலகத்தில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு போனைத் தடவிக்கொண்டிருந்தவர் ஒரு வாடகை விளம்பரத்தில் அப்படியே நின்றுவிட்டார். மூன்றாவது மாடி வீடு. ஜன்னல் நிறைய வெளிச்சம். அதற்கு அப்பால் வெள்ளை வெளேரென்று வானம். ஹாலோ, கண்ணுக்கு எட்டியமட்டும் ஹால். பதினோரு வருடத்தில் எந்தப் படத்தையும் பார்த்து அவருக்கு இப்படி நெஞ்சு அடித்துக்கொண்டதில்லை. 'எடுத்தவன் கெட்டிக்காரன்' என்று மனதாரப் பாராட்டவும் செய்தார்.

தரகரைக் கூப்பிட்டார்.

"மூணு பார்ட்டி வெயிட்டிங் சார். இப்பவே அட்வான்ஸ் போட்டா உங்களுக்கு எடுத்து வைக்கிறேன். அப்புறம் என்னக் குத்தம் சொல்லாதீங்க."

மூணு பார்ட்டி என்பது இல்லாத பார்ட்டி என்று அவருக்குத் தெரியாதா? அந்தப் பொய்யை அவர் எதிரிலேயே எத்தனை தரகர்கள் சொல்லியிருக்கிறார்கள். தெரிந்தும் போனிலேயே பணத்தை அனுப்பினார். அனுப்பிய பிறகுதான் மனைவிக்குச் சொன்னார்.

"நேர்ல போய்ப் பாத்தீங்களா?"

"படம் பாத்தேன். சூப்பரா இருக்கு."

"ஏங்க, நீங்க என்ன வேலை பாக்குறீங்கன்னு ஞாபகம் இருக்கா?"

மாலையில் மூவரும் போனார்கள். தரகர் கதவைத் திறந்தார். உள்ளே நுழைந்த இரண்டாவது அடியில் ஹால் முடிந்துவிட்டது. சமையலறையில் ஒருவர் நின்றால் இன்னொருவர் வெளியே நின்று பேசலாம். மனைவி ஜன்னலைத் திறந்து கையை நீட்டினார். அடுத்த கட்டடத்துச் சுவர் உள்ளங்கையில் ஒட்டியது. அகலம் மட்டும் நடுவில் நின்றுகொண்டு, மீதி வீடு எங்காவது மடித்து வைத்திருக்கிறதா என்பதுபோலச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

மகள் போனில் அந்த விளம்பரப் படத்தை விரல்களால் பெரிதாக்கிக்கொண்டிருந்தாள். படத்தில் மேசைக்குப் பின்னால் ஒரு கண்ணாடி. கண்ணாடியில் ஆப்பிள்களின் பின்பக்கம்.

"அப்பா, இது நான் கடிச்ச ஆப்பிள்."

அவர் போனை வாங்கிப் பார்த்தார். நாலு வருடத்துக்கு முன்னால், ஒரே நாளில் ஒன்பது வீடு எடுத்தபோது எடுத்த படம். எடுத்தவருக்கே நினைவில்லை. இருந்தாலும் விடாமல் தரகர் பக்கம் திரும்பினார்.

"என்னங்க இது, படத்துல ஒண்ணு இருக்கு, இங்க ஒண்ணு இருக்கு?"

தரகர் கொஞ்சமும் பதறவில்லை. "படம் அன்னிக்கு நீங்களே எடுத்துக் குடுத்தது சார். நான் வெறும் கதவத் திறக்கிற ஆளு. அட்வான்ஸ் திரும்பி வராதுன்னு மெசேஜ்லயே போட்டிருக்கேன், பாருங்க."

மனைவி சிரித்தார். வாயைப் பொத்திக்கொண்டு, பிறகு பொத்தாமல், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் திட்டியிருந்தால்கூட அகலம் தாங்கியிருப்பார்.

கையில் மூன்று நாள்தான் மிச்சம். அந்த வீட்டுக்கே குடி போனார்கள். கட்டில் வாசலில் நுழையாமல், காலைக் கழற்றி மாட்டவேண்டியிருந்தது. பீரோ ஹாலைப் பிடித்துக்கொண்டது. சோபா படிக்கட்டோடு நின்று, அங்கிருந்தே ஒரு தெரிந்தவர் வீட்டுக்குப் போய்விட்டது. வேறு வழியில்லாமல் டிக்கியிலிருந்து குட்டி மேசையும் நாற்காலிகளும் மேலே வந்தன. முழங்கால் முகவாயில் இடிக்க அதில் உட்கார்ந்து அகலம் சாப்பிடும்போதெல்லாம் மகள், "அப்பா, ஹால் பெருசாத் தெரியுதா?" என்று கேட்பாள்.

மனிதர் திருந்தினாரா என்றால், அதுதான் இல்லை. ஐந்தாம் மாதம் அதே தளத்தில் எதிர்வீடு காலியானது. அச்சு அசல் இவர்கள் வீடுதான், கதவு மட்டும் எதிர்ப்பக்கம். தரகர் இவரையே கூப்பிட்டார். ஒரு நாள் முழுக்க 'முடியாது' என்றே சொல்லிக்கொண்டிருந்தார். மறுநாள் நாற்காலிகளைக் கையில் தூக்கிக்கொண்டு நாலு அடி நடந்து போய் எடுத்துக் கொடுத்தார். படத்தில் ஹால் முன்னைவிடப் பெரிதாகவே வந்திருந்தது.

அந்த விளம்பரம் மனைவியின் கண்ணில் பட்டது. வீட்டில் ஒரு வார்த்தை பேசவில்லை. மருத்துவமனைச் செவிலியர்களின் வாட்ஸ்அப் குழுவில் படத்தைப் போட்டு, கீழே எழுதினார்: "இதை எடுத்தது என் கணவர். வீடு வேண்டும் என்பவர்கள் என் வீட்டுக்கு வந்து அளந்து பார்த்துவிட்டுப் போகலாம்."

ஆறு பேர் வந்தார்கள். அளந்தார்கள். தேநீர் குடித்துவிட்டு, குட்டி நாற்காலியில் அகலம் உட்கார்ந்திருக்கும் அழகையும் பார்த்துவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து அந்த மருத்துவமனையில் யார் வீடு தேடினாலும் அவர் மனைவியைக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். மனைவியும் அளவு டேப்பைப் பையில் போட்டுக்கொண்டு விடுமுறை நாளில் கிளம்புகிறார். ஜன்னலைத் திறந்து கையை நீட்டுகிறார். தண்ணீர்க் குழாயைத் திறந்து, வாளி நிறையும்வரை கடிகாரம் பார்க்கிறார். காலி பண்ணுகிறவர்களைத் தனியே அழைத்து நாலு கேள்வி கேட்கிறார். அவர் சரி என்று சொன்னால் சரி.

காரை ஓட்டிக்கொண்டு போய் விடுவது அகலம்தான். மேலே மட்டும் வருவதில்லை. "வாங்க சார், நீங்களும் பாருங்களேன்" என்று அந்தச் செவிலியர்கள் கூப்பிட்டால், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, "இல்லம்மா, நீங்க போய்ட்டு வாங்க. பார்க்கிங் கொஞ்சம் நெருக்கமா இருக்கு" என்கிறார்.