ரெண்டு ஷட்டர் கடை

மாவு பிசையும் மெஷின் படுத்துவிட்ட அன்றைக்குத்தான் பன்னக்கா மோட்டார்க்காரரை முதன்முதலாகப் பார்த்தாள்.

பன்னக்கா என்பது ஊர் வைத்த பேர். நாற்பதைத் தாண்டிய வயதில், முறிந்துபோன கல்யாணத்தை நகரத்திலேயே விட்டுவிட்டு, இங்கே பூட்டிக் கிடந்த ஒரு சின்ன பேக்கரியை வாடகைக்குப் பிடித்து, ஒற்றை ஆளாக பன்னும் ரொட்டியும் சுடுகிறவளுக்கு ஊர் வேறென்ன பேர் வைக்கும்? நகரத்தில் ஒரு பெரிய கடையில் வருஷக்கணக்காக கேக் மேல் அடுத்தவர் பேரை க்ரீமில் எழுதிக்கொண்டிருந்தவள் அவள். "போன வேகத்துல திரும்பி வருவே பாரு" என்று அக்கா அடித்துச் சொல்லியிருந்தாள். பன்னக்கா திரும்பவில்லை. மெஷின்தான் நின்றது.

மோட்டார்க்காரர் வந்தார். எரிந்துபோன மோட்டார்களுக்குப் புதுசாகச் செப்புக் கம்பி சுற்றி காயில் கட்டுவது அவர் தொழில். மெஷினைத் தொடுவதற்கு முன்னால், காய்ச்சல்காரக் குழந்தையைப் பார்ப்பதுபோல அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். மூடியைக் கழற்றினார்.

"மெஷினுக்கு ஒண்ணுமில்லைங்க. உள்ள மாவு போய் அப்பிக்கிட்டிருக்கு."

"அதுக்காகச் சுத்தாமலே நிக்குமா?"

"ஒரு வருஷம் குளிக்காம வேலை செஞ்சா நீங்களும்தான் நின்னுடுவீங்க."

சொன்ன பிறகுதான் யாரிடம் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. காது மடல் சிவந்துவிட்டது. பன்னக்காவோ மாவுக் கையோடு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவ்வளவு சத்தமாகச் சிரிக்க வரும் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது.

அதற்குப் பிறகு அந்த மெஷினுக்கு அடிக்கடி உடம்பு சரியில்லாமல் போனது. ஒருநாள் அவர் பெல்ட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது தானாத் தளர்ந்த மாதிரி தெரியலையே" என்றார்.

"பின்னே, பேய் வந்து தளர்த்துச்சா?"

"அந்தப் பேய்க்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரியும் போலிருக்கு."

பன்னக்கா முகத்தை அடுப்புப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அவர் மனைவியை இழந்து பல வருஷமாகிவிட்டது. மனைவியின் அம்மா மட்டும் அவரோடுதான் இருந்தாள். "பொண்ணு போயிட்டா மருமகன் இல்லைன்னு ஆயிடுவானா?" என்று கேட்பவள். தினமும் பேக்கரிக்கு வந்து ஒரு பன் வாங்குவாள், நாலு பன்னுக்கு உண்டான பேச்சைப் பேசிவிட்டுப் போவாள். அப்படித்தான் ஒருநாள், "என் மருமகனுக்குப் பொண்ணு பார்த்தாச்சு. அவன்தான் இன்னும் வாயைத் திறக்கலை" என்று போட்டு உடைத்தாள்.

பன்னக்காவுக்கு அன்றைக்கு முதல் தட்டு ரொட்டி கருகியது.

அந்தச் சமயம் பார்த்துத்தான் அக்காவும் போன் செய்தாள். நகரத்தில் ஒரு பெரிய ஹோட்டலில் பேக்கரிப் பிரிவுக்குத் தலைமை வேலை; ஆள் தேடுகிறார்கள்; திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். "தனியாக் கிடந்து என்னடி பண்றே அங்க?" என்றாள் அக்கா. போகலாமா, இருக்கலாமா என்று பன்னக்கா மாவைப் பிசைந்ததைவிட மனசைத்தான் அதிகம் பிசைந்தாள்.

சனிக்கிழமை மோட்டார்க்காரர் வந்தார். கையில் டூல் பை இல்லை. தலையைப் படிய வாரியிருந்தார்.

"மெஷின் நல்லாத்தானே ஓடுது?" என்றாள்.

"ஓடட்டும்ங்க. பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல ரெண்டு ஷட்டர் கடை ஒண்ணு காலியாகுது."

"கேள்விப்பட்டேன்."

"ஒரு ஷட்டர்ல காயில் கட்டலாம். இன்னொண்ணுல வேற வியாபாரம். மாடியில ரெண்டு ரூம். சமையக்கட்டு நல்ல காத்தோட்டம்." படிய வாரிய தலையை இன்னொரு தடவை தடவிக்கொண்டார். "நாங்க எடுத்துக்கலாம்னு இருக்கோம். நீங்க என்ன சொல்றீங்க?"

நாங்க. எதிரில் நிற்பவரையும் சேர்த்துக்கொண்டால் நாம. வெளியே நிறுத்தினால் நாங்க. பால்பல் விழாத பிள்ளைகூடத் தப்பாகச் சொல்லாது. அந்த 'நாங்க'வுக்குள் அவரும் மாமியார் பார்த்த பெண்ணும் கைகோத்து நிற்பதுபோல பன்னக்காவுக்குத் தெரிந்தது. இவள் மட்டும் வெளியே, கையில் சூடான தட்டோடு.

"ரொம்ப சந்தோஷம்ங்க. தாராளமா எடுங்க. நல்லா இருங்க."

அவர் முகத்தில் வெயில் அடித்தது. "நிஜமாவா?"

"பொய்யா சொல்வேன்?"

"அப்ப இன்னைக்கே பேசி முடிச்சுடறேன்!" சந்தோஷத்தில் தட்டிலிருந்த பன் ஒன்றை எடுத்து, கை சுட்டு, உள்ளங்கை மாற்றி மாற்றிப் பிடித்தபடி தெருவில் இறங்கி ஓடினார்.

பன்னக்கா மாவு மூட்டை மேலேயே உட்கார்ந்து அக்காவைக் கூப்பிட்டாள். "வரேன்க்கா. ஹோட்டல்ல சொல்லிடு."

மறுநாள் அவள் அட்டைப்பெட்டிகளில் சாமான் அடுக்கிக்கொண்டிருந்தபோது மாமியார் ஒரு அளவு டேப்போடு வந்து நின்றாள்.

"அம்மாடி, இந்த முனையைப் பிடி. உன் அடுப்பு ஷட்டர்ல நுழையுமான்னு பார்க்கணும்."

"என் அடுப்பு அங்க எதுக்கும்மா?"

"பின்னே, பன்னை வெயில்லயா வேக வைப்பே?" அப்போதுதான் பெட்டிகள் கண்ணில் பட்டன. "அட, அதுக்குள்ள கட்ட ஆரம்பிச்சுட்டியா! சமத்து."

"நான் ஊருக்குப் போறேன். அக்காகிட்ட."

"கல்யாணத்துக்குச் சொல்லவா?"

"யாரு கல்யாணத்துக்கு?"

டேப் சர்ரென்று சுருண்டு டப்பாவுக்குள் போனது. மாமியார் அவளையே உற்றுப் பார்த்தாள். "அவன் உன்கிட்ட என்னன்னு சொன்னான்? ஒரு எழுத்து விடாம சொல்லு."

பன்னக்கா சொன்னாள். நாங்க என்று வந்ததுமே மாமியார் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "படுபாவி! 'நாம எடுத்துக்கலாமா'ன்னு கண்ணாடி முன்னாடி நின்னு சொல்லிச் சொல்லிப் பார்த்தானே. என் காதால கேட்டேனே!"

"அப்ப நீங்க பார்த்த பொண்ணு?"

"உன்னைத்தான்டி பார்த்துக்கிட்டே இருக்கேன், நீ வந்த நாள்லேர்ந்து! இல்லேன்னா தினமும் பன் தின்ன எனக்கென்ன தலையெழுத்தா?"

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மோட்டார்க்காரர் ஏணி மேல் நின்று சுவருக்கு நீலம் அடித்துக்கொண்டிருந்தார். புருவத்தில் ஒரு சொட்டு நீலம். கீழே பன்னக்கா வந்து நின்றாள்.

"நேத்து சொன்னதை இன்னொரு தடவை சொல்லுங்க."

"எதை?"

"இந்தக் கடையைப் பத்திச் சொன்னதை."

அவர் ஏணியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "நாங்க..." என்று ஆரம்பித்தார். தன் குரல் தன் காதிலேயே விழுந்தது. பிரஷ் கீழே விழுந்தது. "ஐயோ! இப்படியா சொன்னேன்?"

"இப்படித்தான்."

"சந்தோஷம்னு சொன்னீங்களே!"

"உங்க கல்யாணம்னு நெனச்சுச் சொன்னேன்."

"நானும் என் கல்யாணத்தைத்தான் கேட்டேன்!"

அவர் இறங்கி வந்தார். நேருக்கு நேர் நின்று, சூடான கஞ்சியை வாயில் வைத்தவர்போல மெதுவாக, "நாம எடுத்துக்கலாமா?" என்றார்.

பன்னக்கா கீழே கிடந்த பிரஷை எடுத்து ஏணிப் படியில் வைத்தாள். ஒரு தடவை சுட்டுக்கொண்டவள். "எனக்குக் கோபம் வரும். விடியறதுக்கு முன்னாடி எழுந்து தட்டு உருட்டுவேன். கல்யாணம் ஆயிடுச்சுன்னு என்னை அடுப்பைவிட்டுக் கிளப்பவும் முடியாது."

"நான் காயில் எரிஞ்ச வாசனையோடதான் வீட்டுக்கு வருவேன். எங்க மாமியாரும் கூடவேதான் இருப்பாங்க."

"அவங்களைத்தான் முதல்ல பிடிச்சது" என்றாள் பன்னக்கா.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் காலியான ஷட்டரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அடுப்பை இடது மூலையில் வைத்தால் புகை வெளியே போக வசதி. அவள் அதை வாய்விட்டே சொன்னாள். அவர் தலையாட்டினார். பதில் அதுதான்.

அவள் கையிலிருந்த போன் அடித்தது. அக்கா.

"எந்த பஸ்ல ஏறப்போறே?"

"வரலைக்கா. மனசு மாறிடுச்சு."

"என்னடி விளையாடறியா? ஹோட்டல்ல சொல்லிட்டேனே! யாரு அது, பக்கத்துல மூச்சு வாங்கறது? போனை அந்த ஆள்கிட்ட கொடு!"

மோட்டார்க்காரர் நீலக் கையால் போனை வாங்கினார். ஒரு தப்பை இரண்டாம் தடவை செய்துவிடக் கூடாது என்ற வைராக்கியம் முகத்தில் தெரிந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, ஊருக்கே கேட்கும்படி சொன்னார்:

"அக்கா, நாம கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கோம்!"

"நாமளா?" என்று அலறினாள் அக்கா. "எனக்கு ஏற்கெனவே ஒருத்தர் இருக்காருப்பா!"

பன்னக்கா ஏணியைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில், பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.